ஸ்கோப்பும் மவுண்டும் சுகந்தியின் விசாவும்

வேட்டைத் துவக்கு வாங்க வருகிறவன் ஒரே நாளில் வாங்கிக்கொண்டு போய்விடுவான். அந்தத் துவக்கின் மேல் பூட்டுகிற ஸ்கோப்பை வாங்க வருகிறவனோ மூன்று சனிக்கிழமை வந்து, கடையில் உள்ள அத்தனையையும் கண்ணில் வைத்துப் பார்த்து, கடைசியில் முதல் சனிக்கிழமையே நான் வேண்டாம் என்று சொன்னதைத்தான் வாங்குவான்.

கடையில் நின்று பிழைத்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. நீங்கள் சேலை விற்றிருக்கலாம், தொலைபேசி அட்டை விற்றிருக்கலாம், பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து சிகரெட் எடுத்துக் கொடுத்திருக்கலாம். உங்கள் துன்பம்தான் என் துன்பமும். ஒரே ஒரு வித்தியாசம், உங்கள் வாடிக்கையாளர் கோபத்தோடு திரும்பி வரும்போது அவர் கையில் துவக்கு இருக்காது.

கடை குரோய்டனுக்குச் சற்று வெளியே, டிராம் போகிற தெருவில் இருந்தது. மான் வேட்டைக்குப் போகிறவர்கள், முயல் அடிக்கிறவர்கள், வேறு வேலை இல்லாமல் சனிக்கிழமைகளில் திடலில் படுத்துக் கிடந்து காகிதத்தைச் சுடுகிறவர்கள், எல்லாரும் அங்கேதான் வருவார்கள். ஸ்கோப் என்பது துவக்கின் முதுகில் படுத்திருக்கும் சின்னத் தொலைநோக்கி. மவுண்ட் என்பது அது விழாமல் பிடித்து வைத்திருக்கும் இரண்டு வளையங்கள். எதற்கு எது பொருந்தும் என்று சொல்வதும், சொன்னதைக் கேளாமல் அவர்கள் வாங்கியதைப் பூட்டிக் கொடுப்பதும் என் வேலை.

குழாயின் முன்பக்கம்

அதற்கு முன் நான் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் இருந்தேன். கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தி, கண்ணுக்கே தெரியாத ஆணியை முறுக்குகிற வேலை. பட்டறையை மூடிவிட்டார்கள். சின்ன ஆணிகளோடு பொறுமையாக வேலை செய்யக்கூடிய ஆள் தேவை என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். என்ன கடை என்று அதில் போடவில்லை. போய்ப் பார்த்தால் சுவர் முழுக்கத் துவக்கு. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். துவக்கைக் கண்டால் கையைத் தூக்கிப் பழகிய ஊர்க்காரன் நான்.

ஆனால் அந்த வேலை எனக்கு வேண்டும். காரணம் சுகந்தி, என் மனைவி. அகதியாக வந்த நான் இலங்கைக்குப் போக ஏலாதவன் என்பதால் சென்னையில் வைத்துக் கல்யாணம் செய்தோம். மஞ்சள் கயிறு காய முன்னரே அவள் கொழும்புக்கும் நான் லண்டனுக்குமாகப் பிரிந்தோம். அவள் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் விசாவுக்காகக் காத்திருந்தாள். அவளை இங்கே கூப்பிட, எனக்கு நிரந்தர வேலை இருப்பதாகக் காட்டவேண்டும். வேலை போனால் விசாவும் போகும். இவ்வளவுதான் என் நிலைமை.

முதலாளியின் பெயர் ரெஜ். பெரிய வயிறு, அதைவிடப் பெரிய குரல். நான் பூட்டிய ஸ்கோப் ஏதாவது ஆடிக்கொண்டு திரும்பி வந்தால், அந்த ஸ்கோப்போடு சேர்த்து என்னையும் வெளியே அனுப்பிவிடுவதாக முதல் நாளே சொன்னார். துவக்கைத் தொடுகிற வேலை என்பதால் பொலிஸ்காரர் ஒருவர் வந்து என்னை விசாரித்தார். துவக்கோடு முன் அனுபவம் உண்டா என்று கேட்டார். நிறைய உண்டு, ஆனால் எப்போதும் குழாயின் முன்பக்கம்தான் நின்றிருக்கிறேன் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு ரெஜைப் பார்த்தார். ரெஜ் சொன்னார்: "இங்கே வேலை கேட்டு வந்தவர்களில் துவக்கின் மேல் ஆசை இல்லாத முதல் ஆள் இவன்தான். தயவுசெய்து இவனை எனக்குத் தந்துவிடுங்கள்."

இருபத்திநாலு மடங்கு

ஆண்களுக்கும் பெரிதாக்கத்துக்கும் உள்ள காதலை நான் அந்தக் கடையில்தான் கற்றேன். மச்சானின் பண்ணையில் முயல் அடிக்கப் போகிற ஒரு கனவான் வந்தார். முயல் நிற்கப்போவது ஒரு கிரிக்கெட் மைதானத்தின் பாதித் தூரத்தில். நாலு மடங்கு, மிஞ்சிப்போனால் ஆறு மடங்கு பெரிதாகக் காட்டுகிற ஸ்கோப் போதும் என்றேன். இருப்பதில் பெரியது எது என்று கேட்டார். இருபத்திநாலு என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. உருவம் பெருக்கப் பெருக்கப் பார்க்கிற வட்டம் சிறுக்கும், கை நடுக்கமும் அதே இருபத்திநாலு மடங்கு பெருகும் என்று தொண்டை வறள விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு இருபத்திநாலையே எடுத்தார்.

அதன் முன்கண்ணாடி ஒரு சட்டி அளவு. குழாயில் முட்டாமல் இருக்க உயரமான மவுண்ட் போடவேண்டும். உயரமான மவுண்ட் போட்டால் கன்னம் துவக்கின் கட்டையில் படியாது. மனிதர் அதைத் தோளில் வைத்துப் பார்த்தபோது, தண்ணீர் குடித்த கோழி அண்ணாந்து பார்ப்பது போல இருந்தது. அடுத்த கிழமை அவரே வந்தார். முயல் கிடைத்ததா என்று கேட்டேன். அவர் சொன்னார்: "உரோமம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. முயலின் எந்தப் பக்கத்து உரோமம் என்பதுதான் கடைசிவரை தெரியவில்லை."

இரண்டு துண்டு இரும்பு

வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்த ஒருவர் ஜெர்மன் ஸ்கோப் ஒன்று வாங்கினார். அந்தக் காசுக்கு நல்ல பழைய கார் வாங்கலாம். மவுண்ட் என்று வந்ததும் கடையிலேயே மலிவானது எது என்று கேட்டார். ஒவ்வொரு வெடிக்கும் துவக்கு உதைக்கிறது, அந்த உதையை எல்லாம் தாங்குவது மவுண்ட்தான், ஸ்கோப்பில் கொஞ்சம் குறைத்தாவது நல்ல மவுண்ட் எடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். மவுண்ட் என்பது இரண்டு துண்டு இரும்புதானே என்றார். நல்ல மாப்பிள்ளைக்கு வீதியோரச் செருப்பைப் போட்டுவிட்டதுபோல மனமில்லாமல் பூட்டிக் கொடுத்தேன்.

ஒரு மாதத்தில் மனிதர் பாய்ந்துகொண்டு வந்தார். ஒரு வெடி இடதுபக்கம் போகிறதாம், அடுத்தது வலதுபக்கம் போகிறதாம். வளையத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஆடியது. ரெஜ் பின்னால் வந்து நின்று, இதை யார் பூட்டியது என்று அமைதியாகக் கேட்டார். ரெஜ் அமைதியாகக் கதைத்தால் ஆபத்து. வெள்ளவத்தை அறையில் சூட்கேசைக் கட்டி வைத்துக்கொண்டு இருக்கிறவளைத்தான் நினைத்தேன்.

பட்டறையில் இருந்தபோது பழகிய ஒரு பழக்கம் என்னைக் காப்பாற்றியது. ஆணியை முறுக்கி முடித்ததும், ஆணித் தலையில் இருந்து வளையம் வரை நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிடுவேன். ஆணி அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். இங்கே எல்லாக் கோடுகளும் உடைந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. ஆணித் தலைகள் நாணயத்தால் திருகிய மாதிரிச் சிதைந்திருந்தன. ரெஜ் அதைக் குனிந்து பார்த்தார், பிறகு வங்கிக்காரரைப் பார்த்தார். ஸ்கோப்பைக் கழற்றினீர்களா என்று கேட்டார். வங்கிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "விருந்துக்கு வந்தவர்களுக்குக் காட்டினேன். அதற்குப் பெயர் கழற்றுவதா?"

புருவத்தில் பிறை

ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் நடுவே நாலு விரலளவு இடைவெளி இருக்கவேண்டும். ஸ்கோப்பைப் பின்னால் தள்ளிப் பூட்டினால் துவக்கு உதைக்கும்போது ஸ்கோப்பின் விளிம்பு வந்து புருவத்தில் பிறை வடிவில் ஒரு வெட்டுப் போடும். இதை நான் எல்லாருக்கும் சொல்வேன். எல்லாரும் எனக்குத் தெரியாதா என்பது போலச் சிரிப்பார்கள். பிறகு பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வருவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவரை அவருடைய மனைவி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டிலே தானே ஸ்கோப்பை நகர்த்திப் பூட்டியிருக்கிறார். ஆறு தையல். மான் ஒன்றும் நடக்காததுபோலப் புல் மேய்ந்துகொண்டே இருந்ததாம். நான் ஸ்கோப்பை முன்னால் நகர்த்தி, அவரைத் தோளில் வைத்துப் பார்க்கச் சொல்லி, அளந்து பூட்டினேன். வெளிக்கிடும்போது மனைவி என்னிடம் சொன்னார்: "கல்யாணம் செய்த நாளில் இருந்து இவர் வேட்டைக்குப் போகிறார். இரத்தத்தோடு வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை."

தொலைபேசியில் வராத சொற்கள்

நான் தோர்ண்டன் ஹீத்தில் மணியண்ணையின் மேல்வீட்டில் ஓர் அறையில் இருந்தேன். மணியண்ணை சுவிஸில் கனகாலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து பலசரக்குக் கடை போட்டவர். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை, தெரியாவிட்டாலும் சொல்லுவார்.

ஞாயிறு காலையில் சுகந்தியோடு கதைப்பேன். இலங்கையில் சண்டை திரும்பத் தொடங்கிவிட்ட காலம். கொழும்பில் தமிழர் தங்கிய இடத்துக்குத் தொலைபேசி எடுத்தால் மூன்று பேர் கதைப்பதாகத்தான் அர்த்தம்: நீங்கள், உங்கள் ஆள், ஒட்டுக்கேட்பதாக நீங்கள் இருவரும் நம்புகிற ஒருவன். அவன் உண்மையில் இருந்தானோ என்னவோ, அவனுக்காகவே நாங்கள் கதைத்தோம். சாப்பாடு, மழை, இருமல். அவளுக்கு இருமல் நின்றால் எனக்குத் தொடங்கும், இல்லாவிட்டால் கதைக்க ஒன்றும் இல்லாமல் போய்விடும். வேலை எப்படி என்று கேட்பாள். அதே கண்ணாடிதான் என்பேன். நான் பட்டறை மாறிய விஷயமே அவளுக்குத் தெரியாது. பாவம், மூக்குக்கண்ணாடி பூட்டுகிற புருஷன் என்று லொட்ஜில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

இதைச் சொல்லாமல் விடுவது சரியில்லையே என்று ஒருநாள் மணியண்ணையிடம் மனம் விட்டுக் கேட்டேன். அவர் பருப்பு மூட்டையைத் தட்டி நிமிர்த்திக்கொண்டே சொன்னார்: "டேய், துவக்குக்கு ஸ்கோப் பூட்டுறன் எண்டு நீ இஞ்ச இருந்து சொன்னா, ஆருக்குப் பூட்டுறான் எண்டு அங்க பொலிஸ்காரங்கள் அவளைக் கொண்டுபோய் வைச்சுக் கேப்பாங்கள். பேசாமல் இரு."

மண்டபத்தில் ஒரு பெரியவர்

அங்கே சொல்லாததை இங்கே மறைக்க முடியவில்லை. மணியண்ணையின் வாய் அப்படி. ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறேன், அறிமுகமில்லாத பெரியவர் ஒருவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். தம்பி துவக்குக் கடையிலாமே என்றார் மெல்ல. ஓம், முயல் அடிக்கிற ஆட்களுக்கு ஸ்கோப் பூட்டுறன் என்றேன். முயல் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் இயக்கத்துக்காக ஏதோ இரகசிய ஊழியத்தில் இருப்பதாகவே முடிவெடுத்துவிட்டார். இல்லை ஐயா, உண்மையான முயல்தான், காது நீண்டது, கரட் சாப்பிடுகிறது என்று எவ்வளவோ சொன்னேன். இந்தக் கதை கொழும்புக்குப் போனால் சுகந்தியின் கதி என்ன என்று நினைத்து, அவர் பிடியில் இருந்து கையை இழுத்துப் பார்த்தேன். அவர் வரிசையில் என்னைத் தனக்கு முன்னால் விட்டார். என் தட்டில் தன் கையாலேயே இன்னொரு வடை வைத்தார். பிறகு காதுக்குள் சொன்னார்: "நீர் ஒண்டும் சொல்லவேண்டாம் தம்பி. எங்களுக்கு விளங்கும்."

வெண்டிக்காய்

மணியண்ணையே ஒருநாள் எங்கள் கடைக்கு வந்தார். ஸ்கோப் மட்டும் வாங்க லைசென்ஸ் தேவையில்லை என்பதை என்னிடம் நைசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். அவருடைய கடைக்கு எதிர்ப்புறத்தில் புதிதாக ஒருவன் பலசரக்குக் கடை போட்டிருந்தான். விலைகளைச் சோக்கால் எழுதிப் பலகையைக் கடைக்கு உள்ளே மாட்டிவைப்பான். போய்ப் பார்க்க மணியண்ணைக்குக் கௌரவம் விடவில்லை.

என் தொழில் வாழ்க்கையில் நான் சொன்னதை அப்படியே கேட்டு வாங்கிய ஒரே வாடிக்கையாளர் அவர்தான். அளவான பெரிதாக்கம், வெளிச்சம் குறைந்தாலும் தெரிகிற நல்ல கண்ணாடி, உறுதியான மவுண்ட். துவக்குத்தான் இல்லை. ஆகவே பழைய தராசின் தண்டில் வளையங்களைப் பூட்டி, இடியப்ப மா மூட்டைகளுக்கு நடுவே நிறுத்திக் கொடுத்தேன். ஸ்கோப்புக்குள் தெரிகிற குறுக்குக்கோடு நேராக எதிர்க்கடைப் பலகையில் போய் நின்றது. மணியண்ணை ஒற்றைக் கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வேட்டைக்காரர்கள் யாரும் அவ்வளவு பக்தியோடு பார்த்து நான் கண்டதில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "வெண்டிக்காயைக் குறைச்சிட்டான், படுபாவி."

நல்ல வார்த்தை

கடைசியில் சுகந்தியை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கணவர் என்ன வேலை செய்கிறார் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். அவள் ஒரு தயக்கமும் இல்லாமல், மூக்குக்கண்ணாடி பூட்டுகிறார், நான் போனதும் எனக்கும் ஒன்று பூட்டித் தருவார் என்று சொல்லியிருக்கிறாள். சம்பளத் துண்டில் கடையின் பெயர் இருந்தது, என்ன கடை என்று இல்லை. அதிகாரி சரிபார்க்கத் தொலைபேசி எடுத்தார். நான் பின்னறையில் இருந்தேன். ரெஜ் எடுத்தார்.

ரெஜுக்கு என் மேல் அன்பு. அந்த அன்புதான் என்னைக் கவிழ்த்தது. இவன் துவக்குகளுக்கு ஸ்கோப் பூட்டுகிறவன், இவன் பூட்டினால் பூகம்பம் வந்தாலும் அசையாது, தெற்கு லண்டனில் இப்படி ஒரு கை கிடையாது என்று பாராட்டித் தள்ளியிருக்கிறார். மறுமுனையில் நன்றி சொல்லி வைத்துவிட்டார்களாம். இதை என்னிடம் வந்து சொல்லும்போது ரெஜின் முகம் முழுக்கச் சிரிப்பு. நான் சுவரோடு சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

விசா மறுக்கப்பட்டது. கணவன் என்ன வேலை செய்கிறான் என்றே மனைவிக்குத் தெரியவில்லை, ஆகவே இது உண்மையான கல்யாணமாக இருக்க முடியாது என்றார்கள். அந்த ஞாயிறு சுகந்தி இருமலைப் பற்றிக் கேட்கவில்லை. நீங்கள் அங்கே என்னதான் வேலை செய்கிறீர்கள் என்று அழுதுகொண்டு கேட்டாள். அப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை, தொலைபேசி அதே தொலைபேசிதானே. என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு வெட்கத்தை நான் பட்டதில்லை. திங்கட்கிழமை ரெஜிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பெரிய உடம்பு சுருங்கிப் போய்க் கதிரையில் இருந்தார். "உன்னைப் பற்றி நான் நல்லதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லையே."

திட்டும் உரிமை

அப்பீலுக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்த மாதங்களில் எனக்குக் குணம் கெட்டுவிட்டது. பஸ் ஓட்டுகிற ஒருவர் ஸ்பிரிங் வைத்த காற்றுத் துவக்கோடு வந்தார். பார்க்க விளையாட்டுச் சாமான் போல இருக்கும், ஆனால் அது ஒரு வெடிக்குப் பின்னும் முன்னுமாக இரண்டு தரம் உதைக்கும். சாதாரண மவுண்ட் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்துவிடும், ஸ்கோப்பின் உள்ளே கோடும் கழன்றுவிடும். அதற்கென்றே தடுப்பு முளை வைத்த மவுண்ட் இருக்கிறது. இரண்டு தடவை சொல்லியும் வாங்கவில்லை. மூன்றாவது ஸ்கோப்பையும் உடைத்துக்கொண்டு வந்து, நீங்கள் எல்லாரும் கள்ளர் என்றார்.

நான் வெடித்துவிட்டேன். சொன்னதைக் கேட்காமல் செய்துவிட்டுப் பிழையை மற்றவன் தலையில் போடுகிற ஆட்களால்தான் உலகம் இப்படி இருக்கிறது என்று தொடங்கி, விசா அதிகாரி, தொலைபேசி, கொழும்பு என்று எங்கெங்கோ போய்விட்டேன். பஸ் சாரதி பேயறைந்த மாதிரி நின்றார். சத்தம் போடாமல் தடுப்பு முளை வைத்த மவுண்டை வாங்கிக்கொண்டு போனார். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு நான் ரெஜைப் பார்த்தேன். வேலை போனால் அப்பீலும் அதோடு சரி. அவர் கதவு சாத்தும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கடையில் வாடிக்கையாளரைத் திட்டுவது முதலாளியின் உரிமை. எனக்கு இருப்பதே அந்த ஒரு சந்தோஷம்தான், அதையும் நீ எடுத்துவிடாதே."

சாட்சி

வழக்கு நாளில் ரெஜ் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். அவரைச் சாட்சியாகப் போட வேண்டாம் என்று என் வக்கீல் சொல்லிப் பார்த்தார். தன்னால் வந்த வினையைத் தானே தீர்ப்பேன் என்று ரெஜ் பிடிவாதம். நீதிபதி மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா. அரசாங்கத்துக்காக வந்திருந்தவர் மெல்லிய, மரியாதையான ஒரு வாலிபர். அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் கதைத்த மனைவியிடம் வேலை மாறியதை ஒருதடவைகூடச் சொல்லவில்லை என்பதை நீதிமன்றம் நம்பவேண்டுமா என்று அவர் கேட்டார். ஐயா, துவக்கு என்ற சொல்லை நான் தொலைபேசியில் சொல்லியிருந்தால் என் மனைவி உங்கள் தூதரக வரிசையில் நின்றிருக்கமாட்டாள், கொழும்பில் இரகசியப் பொலிசாரின் நாலாம் மாடியில் விசாரணைக்கு இருந்திருப்பாள் என்றேன். அப்படியானால் எதைப் பற்றித்தான் கதைத்தீர்கள் என்றார். இருமலைப் பற்றி என்றேன். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

அடுத்தது ரெஜ். கணவன் செய்கிற வேலை மனைவிக்குத் தெரியாமல் இருப்பது உங்களுக்கு விசித்திரமாகப் படவில்லையா என்று வாலிபர் கேட்டார். என் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். சுகந்தி இனி வரமாட்டாள் என்று அந்த நேரம் நிச்சயமாக நம்பினேன். ரெஜின் குரல் அறை முழுக்கக் கேட்டது: "எனக்கு மூன்று மனைவிகள் இருந்தார்கள். நான் கடையில் என்ன செய்கிறேன் என்று மூவருக்கும் தெரியாது, மூவரும் கேட்டதும் இல்லை. இந்தப் பெண்ணாவது கேட்டிருக்கிறாள்."

தரிப்பிடத்தில் ஒரு கிழவர்

அப்பீல் எங்கள் பக்கம் முடிந்தது. சுகந்தி வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் இருந்து வீட்டுக்கு வருகிற வழியிலேயே, இரயில் பெட்டிக்குள் வைத்து, நான் துவக்குக் கடையில் ஸ்கோப் பூட்டுகிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு யார் கேட்கிறார்கள் என்று இருவரும் சேர்ந்து திரும்பிப் பார்த்தோம். எல்லாரும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். அவள் தோர்ண்டன் ஹீத் வரும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபமா, பயமா என்று எனக்கு விளங்கவில்லை. இறங்கும்போது, கடையைத் தனக்குக் காட்டச் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். சுவரைப் பார்த்ததும், நான் முதல் நாள் நின்ற அதே இடத்தில், அதே மாதிரி நின்றாள். ரெஜ் அவளுக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தார், சத்தத்தைக் குறைத்துக் கதைத்தார். நான் துவக்கு எதையும் தொடவில்லை. வெறும் தாங்கியில் ஒரு ஸ்கோப்பைப் பூட்டி, யன்னல் பக்கம் திருப்பி வைத்தேன். முதலில் மாட்டேன் என்றாள். பிறகு சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

தெருக்கோடியில் டிராம் தரிப்பிடம். அங்கே ஒரு கிழவர் தோடம்பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தார். சாறு தாடியில் வழிகிறது என்று சுகந்தி சிரித்தாள். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்றாள். பல்லில் தும்பு மாட்டிவிட்டது, பாவம், விரலை விட்டு எடுக்கிறார் என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் நேரில் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்புறம் சிரிப்பு நின்றது. கண்ணை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சேரப்பா, ஆளின்ர முகம் இவ்வளவு கிட்டத்தில தெரியுது. பிறகு எப்பிடிச் சுடுறவங்கள்?"

அத்தனை வருடத்தில் அந்தக் கடையில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அது. கேட்டவள் ஒன்றும் வாங்கவில்லை, பதில் தெரிந்தவர் யாரும் கடையில் இருக்கவும் இல்லை.